வில்லோ மடுவில் நிற்பவன்

ஆற்றில் மீன் பிடிப்பதற்கு இத்தனை சட்டதிட்டம் இருக்கிறதென்று அருந்தவனைக் கலியாணம் கட்டும்வரை எனக்குத் தெரியாது. பருத்தித்துறையில் மீன் பிடிக்கிறவர்கள் மீனைப் பிடித்தார்கள், நாங்கள் வாங்கிச் சாப்பிட்டோம், அவ்வளவுதான். இவர் பிடிப்பது வேறு வகை. இறகையும் நூலையும் கொளுக்கியில் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, நீண்ட தடியால் அதை வீசி, ட்ரவுட் என்கிற மீனை ஏமாற்றி, பாடுபட்டுக் கிட்டே இழுத்து, கையை நனைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார். நெஞ்சளவு றப்பர் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் கார் ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்புகிற மனுசனை என்னவென்று சொல்வது? நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

சட்டங்களில் முதலாவது, ஒருவன் நிற்கிற மடுவுக்குள் இன்னொருவன் இறங்கக் கூடாது. ஆற்றில் ஆழமாகக் கிடக்கிற இடத்தைத்தான் மடு என்கிறேன். பெரிய மீன்கள் அங்கேதான் படுத்திருக்கும். ஒருவன் அங்கே நின்றால் அது அவனுடைய இடம். கிட்டப் போகக் கூடாது, கூப்பிடக் கூடாது, கரையில் காலடி அதிர நடக்கக் கூடாது, நிழல்கூடத் தண்ணீரில் விழக் கூடாது. கண்டவுடன் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அருந்தவன் இதையெல்லாம் வெள்ளைக்காரர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்றில் சேர்ந்து படித்தார். அவர்களே மறந்துபோன விதிகளையும் இவர் ஞாபகம் வைத்திருந்தார். கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விட்டேன் என்று தேடுகிற மனுசனுக்கு ஆற்றங்கரையில் அப்படியொரு ஆசாரம்.

என் தம்பி லதீஸ் படகில் வந்தவன். தீவு முகாம், பிறகு மெல்பேர்னில் ஒரு முகாம், பிறகு ரோவிலில் எங்கள் வீட்டுப் பின்னறை. டண்டினோங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினான். வீசா தற்காலிகம். அது முடிந்தால் இன்னொரு தற்காலிகம். அத்தானும் மச்சானும் நல்ல ஒட்டு. சனிக்கிழமை விடிந்தால் இரண்டு பேரும் ஐல்டன் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றுக்குப் போய்விடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். தம்பி சிரிப்பது அந்த ஒரு நாளில்தான்.

போன வருசம் ஒக்டோபரில் அந்த ஆற்றிலேயே அவன் போய்விட்டான். வில்லோ மரங்கள் நிற்கிற ஒரு மடுவில் இறங்கியிருக்கிறான். மறுநாள் வெகுதூரம் கீழே எடுத்தார்கள். அவனுடைய ஜாக்கெட் கரையில் மடித்து வைத்தபடி இருந்தது. அதற்கு மேலே போன், போனுக்குப் பக்கத்தில் கார்த் திறப்புக் கொத்து.

அந்த ஜாக்கெட்தான் என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் போனை நனையாமல் கரையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சனம் அப்படிச் சொல்லவில்லை. நிரந்தர வீசா இல்லாத பொடியன், அதற்கு முதல் மாதம்தான் அவனோடு படகில் வந்த ஒருத்தன் தன்னைத் தானே முடித்துக்கொண்டான், இவனும் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றது. விசாரித்தவர்கள், காலையில் அணை திறந்து தண்ணீர் ஏறியது உண்மை, ஆனால் எப்படி நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். அருந்தவன் அன்றைக்கு வேறு காரில், வேறு நேரத்தில் போய், கீழே பாலத்தடியில் நின்றதாகவும் லதீசைக் காணவே இல்லை என்றும் சொன்னார்.

பருத்தித்துறையிலிருந்து அம்மா கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பார். சாப்பாடு, மழை, முழங்கால் நோ எல்லாம் கதைத்து முடிய, கடைசியில் அது வரும். அவன் தானாகப் போனவனோ பிள்ளை என்பார். இல்லை அம்மா என்பேன். உனக்கு எப்படித் தெரியும் என்பார். எனக்குத் தெரியாது. அந்த ஒரு விசயம் தெரிந்தால் போதும், மீதி எதையும் தாங்குவேன் என்று இருந்தது.

அவர்கள் ஏன் வேறு வேறு காரில் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மீனால்.

போன வருசம் செப்டெம்பர் முடிவில் லதீஸ் அந்த வில்லோ மடுவில் பெரிய ட்ரவுட் ஒன்றைப் பிடித்து, போனில் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டான். அவன் கை இரண்டும் கொள்ளாத மீன். யோகராசா அண்ணர் வீட்டில் பிறந்தநாள் விருந்து ஒன்றில் அந்தப் படம் கைக்குக் கை போனது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அருந்தவன் மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது ஆற்று மீன் இல்லை என்றார். மீன் பண்ணையில் முட்டைக்காக வைத்திருந்த கிழட்டு மீனாம். துடுப்புச் செட்டையெல்லாம் சீமெந்துத் தொட்டியில் உரசித் தேய்ந்திருக்கிறதாம். வேலை முடிந்ததும் லொறியில் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவார்களாம். அப்படி வந்த மீனைப் பிடிப்பதும் கடையில் வாங்குவதும் ஒன்றுதான் என்றார். சிலர் சிரித்தார்கள்.

லதீஸ் முதலில் பொறுமையாகத்தான் பதில் சொன்னான். தேய்ந்த செட்டை திரும்ப வளர்ந்திருக்கிற ஓரத்தைப் பாருங்கோ என்றான். நிறத்தைப் பாருங்கோ, இந்த மஞ்சள் தொட்டியில் வராது, வருசக்கணக்கில் ஆற்றில் கிடந்தால்தான் வரும் என்றான். அப்படிப் பார்த்தால் இந்த நாட்டில் ட்ரவுட் என்றே ஒன்று இருக்கவில்லை, இங்கிலாந்திலிருந்து ஐசுக்குள் பொதிந்த முட்டைகளாகக் கப்பலில்தானே எல்லாமே வந்தது என்றும் சொன்னான். வந்தது வேறு, பிறந்தது வேறு என்றார் இவர். இந்த ஆற்றுக் கல்லுக்குள் முட்டையிலிருந்து வெளியே வந்ததுதான் ஆற்று மீன். கொண்டுவந்து விட்டது எவ்வளவு பெரிதானாலும் விட்ட மீன்தான்.

"எத்தினை வருசம் இருந்தா ஆத்து மீன் எண்டு சொல்லுவியள், அத்தான்?" என்று லதீஸ் கேட்டான்.

மீனைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு யோகராசா அண்ணர் மட்டும் ஒரு மூன்று வருசம் போதாதோ என்றார். அருந்தவனுக்கு விளங்கியது. விளங்கியும் வாய் நிற்கவில்லை. வாதத்தில் தோற்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பிறந்தாத்தான்," என்றார்.

அன்றைக்கு அவரை நான் வீட்டில் விட்டுவைக்கவில்லை. அவரும் தான் மீனைத்தான் சொன்னேன் என்று சாதித்தார். அதன்பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள், ஒருவர் குசினியில் நின்றால் மற்றவர் வெளியே நின்றார். லதீஸ் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போகுமட்டும் அருந்தவன் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். சின்னப் பிள்ளைகள்போல இதென்ன என்று நான் ஏசிக்கொண்டு திரிந்தேன். அப்படியே இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

செத்தவீடு முடிந்தது. எட்டாம் நாள் சடங்கு முடிந்தது. முப்பத்தொன்று முடிந்தது. பிறகுதான் நான் கவனித்தேன், அருந்தவன் இன்னும் காத்திருந்தார்.

குசினியில் யாரும் இல்லை. நான் ஹோலில் உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன். அவர் குசினிக் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏன் நிற்கிறீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்பார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ தன்னைக் கடந்து போவதற்கு இடம் விடுகிறவர்போல ஒரு பக்கமாய் ஒதுங்குவார். பிறகு உள்ளே போவார். குளியலறைக்கும் அப்படித்தான். ஒருநாள் வேலைக்கு நேரம் போகிறதே என்று கதவைத் தள்ளித் திறந்து காட்டினேன். உள்ளே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. "அவன் முடிச்சிட்டு வரட்டும்," என்றார். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நான் கதவைத் திரும்பச் சாத்தினேன்.

டொக்டரிடம் கூட்டிப்போனேன். கவலையில் வருவதுதான் என்று குளிசை தந்தார். நானே ஃபார்மசியில் நிற்கிறவள், அந்தக் குளிசை என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். பின்னறையை நான் கூட்டித் துடைத்தால், அவர் வெளியே நின்று மெதுவாகக் கூட்டு என்பார். சத்தம் போடாதே என்பார். என்னை அறியாமலே நானும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகப் பழகிவிட்டேன். கொஞ்ச நாளில் எனக்கும் சில நேரம் குசினிக்குள் யாரோ திரும்பி நிற்கிற மாதிரி இருக்கும். நனைந்த றப்பர் மணம் வரும். அவருடைய விசர் என்னையும் பிடித்துவிட்டது என்று எனக்கு நானே ஏசிக்கொள்வேன்.

ஒரு வருசம் நிறைந்து ஆட்டைத் துவசம் வந்தது. ஐயர் நாள் குறித்துத் தந்தார். அம்மா போனில், வீட்டில் செய்வதைச் செய், ஆனால் பிள்ளை போன இடத்தில் ஒரு பூவாவது கொண்டுபோய்ப் போடு என்று அழுதார். ஒரு வருசமாக நான் அந்த மடுவைப் பார்க்கவில்லை. கேட்கும்போதெல்லாம் அருந்தவன் பாதை சரியில்லை, தண்ணீர் கூட என்று ஏதாவது சாட்டுச் சொல்வார். இந்த முறை நான் அவரைக் கேட்கவில்லை. காரில் ஏறுங்கோ என்றேன். ஏறினார்.

விடியக் காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். புல்வெளியின் மேல் பனிப்புகார் படுத்துக் கிடந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய வான் வண்டிக்குப் பின்னால் இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கையில் பூப்பையைக் கண்டதும் மீன் பிடிக்க வந்தவர்கள் இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். வில்லோ மடுவுக்கு என்றேன்.

அங்கே போய்ப் பிரயோசனமில்லை, ஆள் நிற்கிறான் என்றார்.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. இந்த சீசன் தொடங்கிய நாள் முதல் யாரும் அந்த மடுவில் தூண்டில் போடவில்லையாம். எப்போது போனாலும் வளைவில் திரும்பும்போதே ஒருத்தன் நடுவில் நிற்பது தெரியுமாம். இடுப்பளவு தண்ணீரில், தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறானாம். மரியாதைக்கு இவர்களும் திரும்பி வந்துவிடுவார்களாம். சங்கத்தில் எல்லோருக்கும் எரிச்சலாம். ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதானே முறை, இவன் என்ன மனுசன் என்று திட்டினார். கிட்டப் போய்க் கேட்டால் என்ன என்றேன். அப்படி யாரும் செய்வார்களா என்பதுபோல என்னைப் பார்த்தார். ஒரு தரம்கூட அவன் வீசி நான் காணவில்லை என்று, சப்பாத்தை வானுக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அருந்தவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார்.

நான் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். கிழவருடைய வான் போய்விட்டது. கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருந்தால் சாட்டுத்தான் வந்திருக்கும்.

"நான் பாலத்தடியில நிக்கேல்லை, நிரூ," என்றார்.

பிறகு நிறுத்தாமல் சொன்னார். அன்று அவர் வில்லோ மடுவுக்குத்தான் போயிருக்கிறார். அந்த மீனைத் தானே பிடித்து, செட்டையைக் கையால் தொட்டுப் பார்த்து, விட்ட மீன்தான் என்று காட்டுவதற்காக. வளைவில் திரும்பியதும் லதீசைக் கண்டார். நடுவில் இருக்கிற கற்திட்டில், இடுப்பளவு தண்ணீரில், அசையாமல் நின்றான். பெரிய மீன் ஒன்று கலைந்து போனால், அது திரும்பி வருமட்டும் அப்படித்தான் அசையாமல் நிற்பார்கள். மீனைக் கண்டுவிட்டான், அதற்காகக் காத்து நிற்கிறான் என்று இவர் நினைத்தார்.

"சண்டை எல்லாம் எனக்கு அந்த இடத்திலயே விட்டுப் போச்சு. நல்லாப் பிடிக்கட்டும் எண்டு நினைச்சன். அவன் தலையைத் திருப்பி என்னைப் பாத்தவன். நான் தொப்பியைத் தொட்டுக் காட்டிப்போட்டுத் திரும்பி வந்திட்டன். மடுவை அவனுக்கு விட்டுக்குடுத்தனான். அதுதான் சமாதானம் எண்டு அவனுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

பாலத்தடிக்கு வந்த பிறகுதான் தண்ணீர் ஏறியிருப்பது தெரிந்ததாம். இதற்குள் கரையேறியிருப்பான் என்று நினைத்தாராம். அணையில் தண்ணீர் திறந்தால் இந்த ஆறு சத்தமில்லாமல் ஏறும். கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. நடுவில் நிற்பவனுக்குத்தான் முதலில் காலில் தெரியும். லதீஸ் மீனுக்காகக் காத்து நிற்கவில்லை. முன்னும் போக முடியாமல், பின்னும் வர முடியாமல் நின்றிருக்கிறான்.

நான் அவரை அடித்தேன். தோளில், நெஞ்சில், கை போன இடத்தில் எல்லாம். இருபது வருசத்தில் நான் அவர்மேல் கை வைத்தது அதுதான் முதல்தரம். வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருசமாக அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தினேன்.

"அதாலதான் சொல்லேல்லை," என்றார். "அவன் என்னைக் கண்டவன் நிரூ. கண்டும் கூப்பிடேல்லை. ஒரு சொல்லுக் கூப்பிட்டிருந்தா நான் பாய்ஞ்சிருப்பன். உதவிக்கு ஆள் நிக்குது எண்டு தெரிஞ்சும் ஒருத்தன் கூப்பிடாம நிண்டா, அதுக்கு என்ன அர்த்தம்? இதை நான் மாமிக்கு எப்பிடிச் சொல்லுறது?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருசமாக நான் தேடிய பதில் கையில் வந்து, வந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூப்பிட ஆள் இருந்தும் கூப்பிடவில்லை. பிறந்தாத்தான் என்று சொன்ன வாயிடம் உயிருக்காகக்கூடக் கேட்க மாட்டேன் என்று நின்றானா? அல்லது சனம் சொன்னது சரிதானா? இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. காரிலிருந்து இறங்கி ஆற்றை நோக்கி நடந்தேன். பின்னால் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

கரையோரப் பாதை புல்லுக்குள்ளால் போனது. வளைவில் திரும்பியபோது, மடுவின் நடுவில் ஆள் நின்றது.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பனிப்புகார் இடுப்போடு சேர்ந்து கிடந்ததால் தண்ணீர் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து கை முறிந்த பிறகு லதீசுக்கு அந்தத் தோள் சரிவுதான். என் பின்னால் அருந்தவனுடைய காலடி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் கை தானாகத் தொப்பிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நில்லுங்கோ அங்கை," என்றேன். "நீங்கள் அண்டைக்கு நிண்ட இடத்தில நில்லுங்கோ."

அவர் இரண்டடி நகர்ந்து ஒரு பட்ட மரத்தடியில் நின்றார். நான் வேகமாக நடந்தேன். சத்தம் வரட்டும் என்று காலை ஓங்கி ஓங்கி வைத்தேன். வில்லோக் கிளைகளை விலக்கிக்கொண்டு தண்ணீர்க் கரைக்கு வந்தபோது மடு வெறுமையாகக் கிடந்தது. கற்திட்டு மட்டும் தண்ணீருக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்தது.

அன்று தண்ணீர் குறைவு. சப்பாத்தோடும் ஜீன்சோடும் இறங்கினேன். குளிர் எலும்பைக் கடித்தது. திட்டுக்கு ஏறினபோது தொடையளவு தண்ணீர்தான், அதற்கே ஆறு என்னைத் தள்ளிக்கொண்டு நின்றது. சப்பாத்துக்குள் கால் விரல்களை மடக்கிக் கல்லில் ஊன்றிக்கொண்டு நின்றேன். அங்கே நின்ற பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். திட்டுக்குக் கீழே தண்ணீர் கற்களில் விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. மில்லுக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல். கரையில் அது இரைச்சலாகவே தெரியவில்லை, ஆறு என்றால் இருக்கிற சத்தம் என்றுதான் இருந்தது. நடுவில் நின்றால் காதுக்குள் வேறு ஒன்றுக்கும் இடமில்லை.

தலையைத் திருப்பினேன். அருந்தவன் பட்ட மரத்தடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அத்தான்," என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் அசையவில்லை.

"அத்தான், வாங்கோ. தண்ணி ஏறுது." தொண்டை கிழியக் கத்தினேன். "அத்தான், என்னைப் பிடியுங்கோ." அவர் அங்கேயே நின்றார். நான் எதையோ பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது அவருடைய நிற்பிலேயே தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டலாம் என்று பார்த்தேன். கை கொஞ்சம் உயர்ந்ததும் உடம்பு சரிந்தது, கால் வழுக்கியது. உடனே கையைக் கீழே போட்டு உடம்பைச் சமன்படுத்தினேன். தொடையளவுக்கே இப்படி என்றால் இடுப்பளவில் அவன் எந்தக் கையைத் தூக்கியிருப்பான்? அசையாமல் நிற்பது ஒன்றுதான் அவனால் முடிந்திருக்கிறது.

என் தம்பி கூப்பிட்டிருக்கிறான். என்னைப்போலக் கத்தியிருக்கிறான். அத்தான் என்று சொல்லித்தான் கத்தியிருக்கிறான், அவனுக்கு அவரைக் கூப்பிட வேறு சொல் தெரியாது. கத்திக்கொண்டிருக்கும்போதே, அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறான்.

எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. அவன் சாக விரும்பவில்லை என்று சந்தோசப்பட்டு அழுதேனா, அவன் பார்த்ததை நினைத்து அழுதேனா, தெரியாது. கால் விறைத்துவிட்டது. திரும்ப நினைத்தேன், திரும்ப முடியவில்லை. பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. பார்க்கத் தைரியம் வரவில்லை. நனைந்த றப்பர் மணம் வந்தது. என்னுடைய இடது பக்கத்தில் மட்டும் தண்ணீர் வந்து எதிலோ மோதி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது அருந்தவன் வந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நான் கூப்பிட்டதால் வரவில்லை. பட்ட மரத்தடியிலிருந்து நேரே, காலடி அதிர, கிளைகளை முறித்துக்கொண்டு வந்து, கண்ணாடியும் தொப்பியுமாகத் தண்ணீருக்குள் இறங்கினார். ஆற்றை அடித்துக் கலக்கிக்கொண்டு வந்தார். திட்டுக்கு ஏறி, வலது கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மற்றக் கையை எனக்கு இடது பக்கம், தண்ணீருக்கு மேலே நீட்டினார்.

"வா மச்சான்," என்றார். அவ்வளவு கிட்ட நின்றதால் எனக்குக் கேட்டது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு அதன் விரல்கள் எதையோ சுற்றி மூடின. அவருடைய இடது தோள் பாரத்தில் கீழே இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். அவர் எங்களை இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். எங்களை என்றுதான் சொல்ல முடிகிறது. நான் கரையில் ஏறிய பிறகும் அவர் தண்ணீரிலேயே நின்று, இடது கைப் பக்கத்தை ஏறவிட்டுவிட்டுத்தான் தான் ஏறினார். ஏறியதும் புல்லில் விழுந்து, குழந்தைபோல விக்கி விக்கி அழுதார்.

நான் அவரைத் தடவிக்கொடுக்கவில்லை. அதற்கு என் கை வரவில்லை. இனி வருமா என்றும் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்து, நான் அங்கே நின்று கத்தியதைச் சொன்னேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதையும் சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கேல்லையே என்றார். ஓம், உங்களுக்குக் கேட்கேல்லை என்றேன். அவருக்கு மெல்ல மெல்ல விளங்க, முகம் மாறிக்கொண்டு வந்ததை, என் எதிரிக்குக்கூடப் பார்க்க வேண்டி வரக் கூடாது.

பூவை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். நான் போனை எடுத்து அம்மாவின் இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, அவருடைய மடியில் வைத்தேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஆனாலும் அம்மா உடனே எடுத்தார், இந்த ஒரு வருசமாக அவருக்கு நித்திரை எங்கே. பூப் போட்டாச்சோ பிள்ளை என்று கேட்டார்.

அருந்தவன் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

"மாமி, நான் அருந்தவன்," என்றார். "லதீஸ் தானாப் போகேல்லை மாமி. அவன் கூப்பிட்டவன். நான் அங்கை நிண்டனான்."